ஷார்ட் ஸ்கேல் கிடார் என்று நம்பி ரூ.16,500 இழந்தேன்: வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலை பெரம்பூரில் கிடார் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் என் கிடாரின் நெக்கை, அதாவது இடக்கை விரல்கள் கம்பியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதியை, கழற்றிக் காட்டியதிலிருந்து எனக்கு உறக்கம் வரவில்லை. நெக்கின் அடிப்பாகத்தில் இருந்த பழைய திருகாணித் துளைகள் நான்கிலும் தீக்குச்சிகளைத் திணித்து, பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே புதிதாக நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு கிடாரின் நெக்கை வேறொரு கிடாரின் உடலில் பொருத்தி, அதற்கு ஷார்ட் ஸ்கேல் (கம்பியின் நீளம் குறைந்த கிடார்) என்று பெயர் வைத்து, ரூ.16,500-க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விற்றது வடசென்னையின் கடைத்தெரு ஒன்றில் மாடியில் இயங்கும் இசைக்கருவிக் கடை. பழைய கிடார்களையும் கீபோர்டுகளையும் வாங்கிச் சரிசெய்து விற்பது அவர்களுடைய தொழில். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்துக்கு அருகே சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு வயதில் ராயபுரத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு அக்கூஸ்டிக் கிடார் வாசித்தேன். என் விரல்கள் குட்டையானவை. சுட்டுவிரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்திப் பிடிக்கும் எஃப் கார்டு (சுரக்கூட்டு) ஒரு நாளும் எனக்கு ஒழுங்காக ஒலித்ததில்லை. பிறகு திருமணம், குழந்தை, வேலை என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த ஆண்டு சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, வீட்டுக்கு என்று எதுவும் வாங்காமல், முதல்முறையாக எனக்கென்று ஓர் எலெக்ட்ரிக் கிடார் வாங்குவது என்று முடிவு செய்தேன். அதனால்தான் இந்த ரூ.16,500 எனக்கு வெறும் தொகை அல்ல.

ஷார்ட் ஸ்கேல்தான் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளத்தையே ஸ்கேல் என்கிறார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடார்களில் அது 25½ அங்குலம், அதாவது 648 மி.மீ. ஃபெண்டர் நிறுவனம் 1956-இல் மாணவர்களுக்கென்று 22½ அங்குலக் கிடார்களைக் கொண்டுவந்தது. 1962-இல் வந்த ஜாகுவாரும் 1964-இல் வந்த முஸ்டாங்கும் 24 அங்குல அளவைப் பலருக்கும் பழக்கப்படுத்தின. 24 அங்குலம் என்றால் 610 மி.மீ. அதே தடிமனுள்ள கம்பியை அதே சுருதிக்குக் கூட்டும்போது, 648 மி.மீ. கிடாரைவிட இதில் இழுவிசை ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்டுகள்; முதல் ஃபிரெட்டின் அகலமும், அதாவது நட்டிலிருந்து அதுவரை உள்ள இடைவெளியும், 36 மி.மீ.க்குச் சற்று மேலிருந்து 34 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. இரண்டு மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று நீண்ட விரல் உள்ளவர்கள் கேட்கலாம். நான்கு ஃபிரெட்டுகளுக்குச் சுண்டுவிரலை நீட்ட முடியாமல் மணிக்கட்டை முறுக்கியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

கடையில் இருந்த தம்பிக்கு இவை எல்லாமே தெரிந்திருந்தன, அல்லது தெரிந்தவர்போல் பேசினார். "அக்கா, உங்க கைக்கு 24 இன்ச்தான் கரெக்டு, உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு" என்று சொல்லி, உறையிலிருந்து ஒரு நீல நிறக் கிடாரை எடுத்தார். நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை டேப்பை வைத்து, 12 அங்குலம் இருப்பதை என் கண் முன்னே காட்டினார். அதன் இருமடங்குதான் ஸ்கேல் என்றார். அது உண்மையான கணக்குத்தான். ஆனால் டேப்பை அங்கேயே சுருட்டிவிட்டார். 12-ஆம் ஃபிரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள மறுபாதியை அவர் அளக்கவில்லை, எனக்கும் அளக்கத் தோன்றவில்லை. பிறகு ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றிவைத்து ஈ, ஏ, ஜி என்று நட்டுக்குப் பக்கத்திலேயே பிடிக்கும் திறந்த கார்டுகளை முழங்கவிட்டார். அவருடைய விரல் மூன்றாவது ஃபிரெட்டைத் தாண்டவே இல்லை என்பது நேற்றிரவு யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் கிடாரை என் மடியில் வைத்தார். நான் தயங்கித் தயங்கி எஃப் பிடித்தேன். ஆறு கம்பிகளும் ஒலித்தன. ஒரு கம்பிகூட அடைபடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் பாடகர் குழுவில் எல்லார் எதிரிலும் நான் விட்டு விட்டு வாசித்த அந்தக் கார்டு, சுட்டுவிரலை மெல்ல அழுத்தியதும் முழுதாக எழுந்தது. என் கண்கள் கலங்கியதை அந்தத் தம்பி பார்த்தார். "எடுத்துக்கோங்கக்கா, இது உங்களோடதுதான்" என்றார். அந்த ஒரு நொடியில் நான் பேரம் பேசுவதையும் பில் கேட்பதையும் மறந்தேன். ரூ.10,000 ஜிபேயில் அனுப்பினேன், ரூ.6,500 ரொக்கமாகக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. பில் போட்டால் விலை ஏறிவிடும் என்று சொல்லி, "கிடார் 1" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டில் கடை முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. ட்யூனர் செயலியில் ஆறு கம்பிகளும் பச்சை காட்டின. திறந்த கார்டுகள் சரியாகவே ஒலித்தன. ஐந்தாவது ஃபிரெட்டில் ஏ கார்டைப் பிடித்தால் மட்டும் ஏதோ புளித்ததுபோல் இருந்தது. இன்னும் மேலே போகப் போக மோசமானது. விரல் பழகவில்லை என்று நினைத்து, இரவு பத்து மணிக்கு மேல் ஆம்ப் இல்லாமல் பயிற்சி செய்தேன். கம்பியை மாற்றினேன். கடலோரக் காற்றில் கம்பி துருப்பிடிப்பது எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை என்பதால், ஒவ்வொரு நாளும் துடைத்து உறையில் வைத்தேன். என் மகன் கீபோர்டில் அதே சுரத்தை அமுக்கி, "அம்மா, நீ கீழ இருக்க" என்று சொன்னபோது அவனைக் கடிந்துகொண்டேன். மூன்று வாரங்கள் என் விரலையும் என் காதையும்தான் நான் சந்தேகித்தேன். பணத்தைவிட இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரம்பூர்ப் பெரியவர் கிடாரைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் டேப்பை எடுத்தார். நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை 305 மி.மீ. இருந்தது. அங்கிருந்து மெல்லிய ஈ கம்பி பிரிட்ஜில் அமரும் சிறு துண்டான சேடில் வரையும் கிட்டத்தட்ட அதே 305 இருந்தாக வேண்டும். அவர் அளந்தபோது 326 வந்தது. "இது 24-ம் இல்ல, 25½-ம் இல்லம்மா" என்றார். 24 அங்குல நெக்கை 25½ அங்குலத்துக்குத் துளையிட்ட உடலில் பூட்டிவிட்டு, பிரிட்ஜைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். ஆக, கம்பியின் நீளம் 631 மி.மீ. ஆகிவிட்டது, ஃபிரெட்டுகளோ 610-க்கு வெட்டப்பட்டவை. முதல் ஃபிரெட்டில் இந்தப் பிழை மூன்று நான்கு சென்ட்தான் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), காதுக்குத் தெரியாது. அதனால்தான் கடையில் என் எஃப் அவ்வளவு அழகாக ஒலித்தது. ஐந்தாவது ஃபிரெட்டில் அது 20 சென்ட்டை நெருங்குகிறது. 12-ஆம் ஃபிரெட்டில் ஏறத்தாழ 57 சென்ட் தாழ்கிறது, அதாவது அரைச் சுரத்திலும் பாதிக்கு மேல் கீழே போய்விடுகிறது. நான் கேட்ட இழுவிசைக் குறைவும் இதில் பாதிகூட இல்லை. சேடில்களை முழுவதும் முன்னால் தள்ளிப் பார்த்தார், ஏழெட்டு மி.மீ.க்கு மேல் நகரவில்லை. பிரிட்ஜையே பெயர்த்து 21 மி.மீ. முன்னால் வைக்கலாம் என்றால் கம்பியின் அதிர்வை வாங்கும் பின்பக்கப் பிக்கப் குறுக்கே நிற்கிறது. இதைச் சீர்செய்ய ஆகும் செலவுக்கு வேறு கிடாரே வாங்கிவிடலாம் என்று சொல்லி, அவர் என்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்.

கடையின் பதில்களையும் எழுதுகிறேன். பத்தாம் நாள் நான் முதன்முதலாக வாட்ஸ்அப்பில் கேட்டபோது, புதுக் கம்பி செட் ஆக ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டபோது, கடல் காற்றில் நெக் வளைந்திருக்கும், நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கினால் சரியாகும் என்றார்கள். மூன்றாம் முறை, நான் விரலை அதிகமாக அழுத்துகிறேன் என்றார்கள். அதிகமாக அழுத்தினால் சுரம் ஏறுமே தவிர இறங்காது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்று காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தீக்குச்சி அடைத்த துளைகளின் படத்துடன் நேரில் போனேன். என்னை அக்கா என்று அழைத்த அதே தம்பி இன்று "மேடம்" என்றார். முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகையைக் காட்டினார். இன்னும் ரூ.7,000 போட்டால் வேறு கிடார் தருவதாகச் சொன்னார். ரூ.16,500-ஐ விழுங்கிவிட்டு மேலும் ரூ.7,000 கேட்க எப்படி மனம் வந்தது? படி இறங்கி வருவதற்குள் வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள்.

அந்தப் பலகை சட்டமாகிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறைகள். பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். இன்று எனக்கு 26-ஆம் நாள். மதியமே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப அறிவிப்பும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

முதல் கிடார் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். டேப் எடுத்துப்போய் இரண்டு பாதிகளையும் அளந்து பாருங்கள். தடித்த கம்பிகளுக்கு மறுபாதி சில மி.மீ. கூடுதலாக இருப்பது இயல்பு, 21 மி.மீ. இயல்பல்ல. டிஸ்டார்ஷனை அணைக்கச் சொல்லிவிட்டு, 12-ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு வரும் மணியொலியையும், அதே இடத்தில் அழுத்தி வரும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். நெக் திருகாணிகளைச் சுற்றி மரம் கீறியிருந்தால் வாங்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அதே கடைத்தெருவில் நீல நிற ஷார்ட் ஸ்கேல் கிடார் ஒன்றை ரூ.16,500-க்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ உங்களுக்கும் யாராவது காட்டியிருந்தால், துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய பதிவையும் அழித்துவிடாமல் வைத்திருந்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். திங்கட்கிழமை காலை நான் மறுபடியும் அந்தப் படி ஏறப் போகிறேன்; இந்த முறை டேப் என் கையில் இருக்கும்.