வாலென்சியாவில் குத்தகை நிலம்: என் 20,000 வெள்ளி போன கதை

பிலிப்பீன்சுக்குப் போய் ஓய்வுக்காலத்தை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சிங்கப்பூர் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் மனைவியும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். ஆனால் நிலம் என்று யாராவது பேச்செடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மாதாமாதம் வரும் மத்திய சேமநிதிப் பணத்தோடு நீக்ரோஸ் தீவில் டூமகெட்டே பக்கம் போய்ச் சேர்ந்தோம். ஓய்வுபெற்றவர்களுக்கான எஸ்.ஆர்.ஆர்.வி விசாவை நானே நேரில் அலைந்து எடுத்தேன். ஓய்வூதியம் காட்டினால் 10,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை என்று அப்போது விதி. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. டூமகெட்டேக்கு மேலே மலையடிவாரத்தில் வாலென்சியா என்ற சின்ன ஊரில் வீடு பிடித்தோம். சாயங்காலம் மின்விசிறி தேவைப்படாது. முருங்கைக்கீரைக்கு அங்கே கமுங்கை என்று பெயர். பக்கத்து வீட்டில் கேட்டால் காசு வாங்காமலே ஒடித்துத் தருவார்கள்.

இவ்வளவும் வாடகை வீட்டிலேயே கிடைத்தது. அதோடு நின்றிருக்கலாம். சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது?

அங்கே பன்னிரண்டு வருடமாக இருக்கும் இன்னொரு வெளிநாட்டுக்காரர், புதிதாக வருகிறவர்களுக்கு உதவுகிறேன் என்று பழக்கமானார். 1987 அரசியல் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் ஒரு திட்டத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக்கூடாது. "உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிப் போடுங்கள், எல்லாரும் செய்வதுதான்" என்றார் அவர். பினாமிக்கு எதிரான சட்டம் 1936இலிருந்தே அங்கே இருப்பது எனக்குத் தெரியும். முடியாது என்றேன். எனக்கு விவரம் தெரியும் என்ற திமிர் அங்கேதான் தலைக்கேறியது.

சரி, அப்படியானால் குத்தகை என்றார். 25 வருடம், பிறகு இன்னொரு 25 வருடம். அது சட்டப்படி சரிதான். மாமரம் இரண்டு நிற்கும் ஒரு மனையைக் காட்டினார். மனையிலேயே குடியிருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இளநீர் வெட்டிக் கொடுத்தார். முதல் 25 வருடத்துக்கும் சேர்த்து மொத்தமாக 840,000 பெசோ, நம் கணக்கில் சுமார் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

பத்திரத்தை நோட்டரியிடம் கொண்டுபோனோம். ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, சுவரில் நாள்காட்டி. கடைசிப் பக்கத்தில் அழுத்து முத்திரை குத்தித் தந்தார், கட்டைவிரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. சிங்கப்பூரில் வளர்ந்தவனுக்கு அது போதுமாக இருந்தது. நோட்டரி பார்ப்பது கையெழுத்துப் போடும் ஆள் யார் என்பதைத்தான். நிலம் யாருடையது என்று அவர் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

என்னிடம் காட்டிய 'நிலப் பத்திரம்' உண்மையில் வரி அறிவிப்பு, அங்கே டாக்ஸ் டெக்ளரேஷன் என்பார்கள். வரி மதிப்பீட்டு அலுவலகம் தருவது. வரி கட்டுகிறவர் பெயர் அதில் இருக்கும், அதனால் அவர்தான் உரிமையாளர் என்று ஆகிவிடாது. உரிமைப் பத்திரம், அதாவது டைட்டில், நிலப் பதிவகத்தில் இருக்கிறது. டைட்டில் எண்ணைக் கொடுத்தால் சில நூறு பெசோவுக்குச் சான்றளித்த நகல் தருவார்கள். நான் அதை எடுத்தது பணம் கொடுத்து ஏழு மாதம் கழித்து.

எதற்காக எடுத்தேன்? அடித்தளம் போட்டு ஆறு தூணுக்குக் கம்பி நிறுத்தியிருந்த நேரம். பக்கத்துத் தீவான செபுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, "எங்கள் தாத்தா நிலத்தில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நகலில் தாத்தா பெயர்தான் இருந்தது. அவர் இறந்து பாகம் பிரிக்கவே இல்லை. வாரிசுகள் ஒன்பது பேர், ஒருவர் துபாயில். எனக்குக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஒன்பதில் ஒருவர், அவ்வளவுதான். முறைப்படி என்றால் பாகப்பிரிவினை முடிந்திருக்க வேண்டும், அல்லது அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் குத்தகையை டைட்டிலின் மேலேயே பதிந்திருக்க வேண்டும். பதியாத குத்தகை மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தாது என்று டூமகெட்டே வக்கீல் ஒருவர் பிறகு சொன்னார். முதலிலேயே அவரிடம் போகவில்லையே என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

மனையைக் காட்டிய அந்த வெளிநாட்டு இடைத்தரகர் தன் கமிஷனோடு ஒதுங்கிவிட்டார். "நான் அறிமுகம் செய்துவைத்தேன், அவ்வளவுதானே" என்றார். அவரை எதுவும் செய்ய முடியவில்லை, அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பரங்காய் மன்றத்தில், அதாவது அந்த ஊர்ப் பஞ்சாயத்தில், மூன்று முறை உட்கார்ந்தோம். குத்தகைக்கு விட்டவர் ஒருமுறைதான் வந்தார், சிரித்துக்கொண்டே. பேச்சு முறிந்ததும் வழக்குப் போடலாம் என்று சான்றிதழ் தந்தார்கள். பத்து லட்சம் பெசோ வரையான பணக் கோரிக்கைக்குச் சிறு வழக்கு மன்றம் உண்டு, அங்கே வக்கீல் வாதாட அனுமதியில்லை. ஜெயித்தும்விட்டேன். ஆனால் பணம் அவர் வீட்டுக் கூரைக்கும் மகளின் நர்சிங் படிப்புக்கும் போய்விட்டதாம். வங்கிக் கணக்கில் ஒன்றுமில்லை. தீர்ப்பு என் அலமாரியில் இருக்கிறது.

துபாய்க்காரப் பெண்மணி போன மாதம் பேசினார். ஒன்பது பேரையும் கையெழுத்துப் போட வைக்கிறேன், புதிதாகக் குத்தகை எழுதலாம், ஆனால் பழைய பணம் கணக்கில் வராது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கம்பிகள் அப்படியே துருவேறி நிற்கின்றன. பக்கத்து வீட்டு அம்மா மூன்றாவது தூணுக்கும் ஐந்தாவது தூணுக்கும் நடுவே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார். என்னைப் பார்த்தால் எடுத்துவிடட்டுமா என்று கேட்பார். இருக்கட்டும் என்பேன்.