லயத்தில் ஒரு போன், இளையோர் மனநலச் சேவை ஒன்று: என் தகவலை எப்படி வைத்திருந்தார்கள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். பாடசாலையின் கடைசிக் கட்டமான உயர்தரம் படித்த காலத்தில் தொடங்கி, இப்போது டவுனில் ஒரு கடையில் கணக்கு வேலைக்குப் போகும் வரைக்கும், இளையோருக்கான ஒரு மனநல ஆதரவுச் சேவையை விட்டு விட்டுப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். போனில் பேசலாம், வட்ஸ்அப்பில் எழுதலாம், தமிழ் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், காசு இல்லை. ஆலோசனை எப்படி என்று கேட்டால் ஒரே வரிதான்: நல்லது, எனக்கு உதவியது. நான் எழுத வந்தது வேறு விஷயம். நாம் அழுது கொண்டே சொல்வதையெல்லாம் அவர்கள் எங்கே எழுதி வைக்கிறார்கள், யார் யார் பார்க்கிறார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று யாருமே பேசுவதில்லை. சேவையின் பெயரைப் போடவில்லை. போட்டால் எங்கள் பக்கத்தில் அதோடு பேசும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் நானும் ஒருத்தி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டரில் என் தகவல் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அது லயத்துக்கு, அதாவது நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து சேரும் இடத்தில்தான் ஓட்டை.

சேரும்போது பட்டப்பெயர், வயது, மாவட்டம், பேசப் பிடித்த மொழி, இவ்வளவுதான் கேட்டார்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்கவில்லை. இங்கே எதற்குப் போனாலும், ஒரு நாள் தையல் பயிற்சிக்குப் போனால்கூட, அடையாள அட்டை போட்டோகொப்பி கேட்டுப் பழகிய எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம். முதல் அழைப்பிலேயே ஆலோசகர் ஒன்று சொன்னார்: பேசுவதை யாரிடமும் சொல்ல மாட்டோம், ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் ஒருவரிடமாவது சொல்ல வேண்டிவரும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். எழுதி வைத்து வாசிப்பது போல இல்லாமல் சாதாரணமாகச் சொன்னார். பின்னால் ஒரு மோசமான மாதத்தில் அந்த நிலை வந்தது. அப்போது அவர் கேட்ட கேள்வி, "யாரிடம் சொன்னால் உங்களுக்குப் பரவாயில்லை?" தோட்டத்தில் நலன்புரி வேலை பார்க்கும் வெல்பெயார் ஐயாவிடம் வேண்டாம், அப்பாவிடம் வேண்டாம், ஹட்டனில் இருக்கும் சின்னம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். சின்னம்மாவிடம் மட்டும்தான் சொன்னார்கள். அதுவும் நான் ஒத்துக்கொண்ட அளவுக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் அவர்களை விட்டுப் போகவில்லை.

அப்புறம் போன் பிரச்சினை. எங்கள் வீட்டில் அப்போது ஸ்மார்ட் போன் ஒன்றுதான். சிம் அப்பா பெயரில். பகலில் அம்மா கொழுந்து எடுக்கப் போனால் போன் என்னிடம், மாலையில் தம்பி கேம் விளையாட எடுத்துவிடுவான், இரவில் அப்பா செய்தி பார்ப்பார். இப்படிப்பட்ட போனுக்கு, சேவையின் முழுப் பெயரோடு, "உங்கள் ஆலோசனை நேரம் நாளை மாலை 4 மணி" என்று எஸ்எம்எஸ் வந்தால் எப்படி இருக்கும்? பூட்டிய திரையிலேயே அப்படியே தெரியும். வந்தது. நல்ல வேளை அன்றைக்கு போன் என் கையில் இருந்தது. அவர்களுடைய தகவல் பாதுகாப்புக் கொள்கையில் மறைகுறியாக்கம், சேவையகம், கடவுச்சொல் என்று நாலைந்து பந்தி இருக்கிறது, ஒரு போனை நாலு பேர் பாவிக்கும் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. வட்ஸ்அப்பில் செய்தி போகும் வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாது என்பது உண்மை, ஆனால் அது தம்பி திறந்து பார்ப்பதைத் தடுக்காது.

இதைச் சொன்னதும் ஆலோசகர் பக்கம் உடனே மாற்றம் வந்தது. நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தினார்கள். வேறு யாராவது போனை எடுத்தால் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்கள், கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லச் சொன்னேன். அது ஒழுங்காகவே நடந்தது, அம்மா ஒரு நாள் அந்தக் கிளாஸுக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு காசு எடுத்து வைக்கும் அளவுக்கு. மறைந்து போகும் செய்திகளை எப்படிப் போடுவது, 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று எதைத் தெரிவு செய்வது, உரையாடலைத் தனியாகப் பூட்டி வைப்பது எப்படி என்று ஆலோசகர் மிஸ் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஆனால் இதெல்லாம் நான் கேட்டதால் கிடைத்தது. சேரும்போதே "இந்த போனை வேறு யார் பாவிக்கிறார்கள், எந்த நேரத்தில் அழைக்கலாம்" என்று ஒரு கேள்வி போட்டிருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை மிச்சம்.

சத்தமும் ஒரு தகவல் கசிவுதான், இதை நகரத்தில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் சுவர் பல இடங்களில் கூரை வரைக்கும் போவதில்லை. அங்கே இருமினால் இங்கே மருந்து சொல்லுவார்கள். அதனால் அழைப்பு என்றால் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கமாகவோ தேயிலைக்குள் இறங்கும் படிக்கட்டிலோதான். வட்ஸ்அப்பில் எழுதிப் பேசுவதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டது எனக்கு மிகப் பெரிய உதவி. இதில் குறை ஒன்றும் இல்லை, எழுதும்போது பதில் மெதுவாக வரும் என்பதைத் தவிர.

குறை இருக்கும் இடத்துக்கு வருகிறேன். டவுனில் ஒரு நாள் பயிலரங்கு வைத்தார்கள், வருகிறேன் என்று சொன்ன எல்லோரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவில் சேர்த்தால் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். குழுவின் பெயரிலேயே சேவையின் பெயர். அதில் என் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், எனக்கு முன்பின் தெரியாத ஒரு பையன் அன்றிரவே "ஹாய் எந்த தோட்டம்" என்று அனுப்பிவிட்டான். மனசு சரியில்லை என்று ஒரு சேவையிடம் போனவர்களின் பட்டியல் அது, அதை அவர்களே தொகுத்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தது மாதிரி. நான் வெளியேறிவிட்டு முறைப்பாடு எழுதினேன். பதில் வர வாரங்கள் ஆயின. மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த முறை ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாத சனல் ஒன்றைத் திறந்தார்கள். சரி. ஆனால் பழைய குழுவை அழிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

அடுத்தது எனக்கு நடந்ததல்ல, ஆனால் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர்களுடைய பக்கத்தில் ஒரு வெற்றிக் கதை போட்டார்கள். பெயர் இல்லை, முகம் இல்லை, கொழுந்துக் கூடையோடு ஒரு பொதுப் படம். ஆனால் வயது, தோட்டத்தின் ஒரு பகுதியான டிவிஷன் எந்தப் பக்கம் என்பது, உயர்தரத்தில் எந்தப் பிரிவு, அப்பா கொழும்பில் என்ன வேலை, எல்லாம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? இரண்டாவது வரியிலேயே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் அனுமதி கேட்டிருந்தார்கள், அவளும் சரி என்று சொல்லியிருந்தாள். ஆனால் பெயர் போட மாட்டோம் என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் சொன்ன சரி அது. நிதி கொடுப்பவர்களுக்குக் கதை வேண்டும், அது புரிகிறது. வயதை ஒரு இடைவெளியாகவும் இடத்தை மாவட்டமாகவும் மாற்றினால் கதை ஒன்றும் கெட்டுப் போகாது.

நிதி கொடுப்பவர்கள் என்றதும் ஞாபகம் வந்தது, அந்தப் படிவம். இரண்டாவது வருடம் புதிதாக ஒரு ஓன்லைன் படிவம் வந்தது. தோட்டம், டிவிஷன், லய இலக்கம், பெற்றோர் தொழில், வீட்டில் எத்தனை பேர். ஏன் லய இலக்கம் என்று கேட்டேன். தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு உதவினோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். தோட்டமா இல்லையா என்று ஒரு கட்டம் போட்டால் அந்தக் கணக்கு முடிந்துவிடுமே. நான் அந்த இடங்களில் கோடு போட்டு அனுப்பினேன், அதற்காகச் சேவையை மறுக்கவில்லை. எத்தனை பேர் கோடு போடுவார்கள்? எங்கள் ஆட்களுக்கு, அதாவது மலையகத் தமிழர்களுக்கு, படிவத்தோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஆதாரக் காகிதம் காட்ட முடியாதவர்களை நாடற்றவர்களாக்கியது, அந்தக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் இழுத்தது. எங்கள் அப்பாயி இன்றைக்கும் எல்லாத் துண்டையும் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார், யாராவது புத்தகத்தோடு வந்து பெயர் கேட்டால் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் ஒப்பித்துவிடுவார். விட்டுப் போனால் உரிமை போய்விடும் என்ற பயம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்ல இங்கே யாரும் பழக்கவில்லை, அது சேவை நடத்துபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நம் தகவலைப் பார்க்க, திருத்த, கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்க, அழிக்கக் கேட்க அதில் இடம் இருக்கிறது, உடல் மன நலம் பற்றிய தகவலை விசேட வகையாக வைத்திருக்கிறது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வர இருந்தன, கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள். அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை, சும்மா கேட்டேன். நம்ப மாட்டீர்கள், முதல் பதிலில் அடையாள அட்டைப் பிரதியும் தபால் முகவரியும் கேட்டார்கள். பட்டப்பெயரில் சேர்த்துக்கொண்ட ஆளை அடையாள அட்டையில் எப்படிச் சரிபார்ப்பது? தபால் இன்னும் மோசம். தோட்டத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து யார் யார் கையிலோ மாறித்தான் லயத்துக்கு வரும். என் மனநலக் குறிப்பு அந்த வழியாக வரவே கூடாது.

இதை விளக்கி எழுதியதும், பதிவில் இருக்கும் நம்பருக்கு அழைத்து, நாங்கள் பேசி வைத்த கம்ப்யூட்டர் கிளாஸ் கதையைக் கேட்டே சரிபார்த்தார்கள். நல்ல மூளை. டவுனில் அவர்கள் வரும் நாளில் நேரில் போய்ப் பார்த்தேன். குறிப்புகள் நினைத்ததைவிடக் குறைவு, ஒவ்வொரு உரையாடலுக்கும் நாலைந்து வரி, மரியாதையான மொழி. அழைப்புகளைப் பதிவு செய்வதில்லை என்றார்கள். ஒரு இடத்தில் அப்பாவைப் பற்றி நான் சொல்லாத ஒன்று இருந்தது, திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். என் நம்பரை அழிக்கலாம், குறிப்பை ஒரு குறியீட்டு இலக்கத்தில் சில காலம் வைத்திருப்போம் என்றார்கள். எனக்குப் பரவாயில்லை. திரும்பப் போனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லையே.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்தச் சட்டத்தில் 16 வயதுக்குக் குறைந்தவர் பிள்ளை, பிள்ளையின் சம்மதம் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம். சேவை இதைப் பார்த்துப் பயந்து, 16க்குக் கீழே எல்லோருக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று யோசித்துக் கொண்டிருப்பதாக மிஸ் சொன்னார். அப்பாவின் குடியைப் பற்றிப் பேச வரும் பிள்ளை அப்பாவிடமே கையெழுத்து வாங்கி வருமா? வராது, பேசாமலே இருந்துவிடும். பெயரும் நம்பரும் பதியாமல் முதல் பேச்சையாவது வைத்துக்கொள்ள வழி பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சேரலாமா என்று கேட்டால், சேருங்கள். சேர்வதற்கு முன்னால் எந்த நேரத்தில் எந்த நம்பருக்கு அழைக்க வேண்டும், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், எஸ்எம்எஸ் வேண்டாம், குழுவில் சேர்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்களாக இதையெல்லாம் விசாரிக்க மாட்டார்கள். ஆலோசகர் உங்கள் ஊர்க்காரர் என்று தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லலாம், காரணம் கேட்காமல் மாற்றுவார்கள், நான் மாற்றியிருக்கிறேன். அவசரம் என்றால் இவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர்களுக்கு 1929. அழைத்த நம்பர் போனின் அழைப்புப் பட்டியலில் நிற்கும், பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள்.

வெற்றிக் கதைப் பதிவை நீக்கிவிட்டார்கள், அந்தப் பிள்ளையே கேட்ட பிறகு. லய இலக்கம் கேட்கும் படிவம் மட்டும் இன்னும் அப்படியே ஓடுகிறது. போன மாதம் திரும்ப எழுதினேன், பதில் வரவில்லை. வந்தால் இதிலேயே சேர்த்துவிடுகிறேன்.