"கோழிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி விற்கும் எலி மருந்தை வாங்காதீர்கள்: 6,400 போச்சு, 5 கோழியும் போச்சு

இன்று காலை ஐந்தாவது கோழியும் செத்துவிட்டது. சூடு ஆறும் முன்னே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் இதில் மாட்டக்கூடாது. கோழிக்கூண்டைச் சுற்றி எலியை எப்படிப் பாதுகாப்பாக ஒழிப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கிய இடம் எல்லாப் பொருளும் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். விற்றவர் அதில் கடை போட்டிருக்கும் ஒரு வியாபாரி. "கோழிப்பண்ணை எலி ஒழிப்புத் தொகுப்பு" என்று போட்டிருந்தது. சுவரில் செருகும் அல்ட்ராசோனிக் பெட்டி (நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று சொல்லி விற்பது) 2, "மூலிகைக் குருணை" 1 கிலோ, மூடியில்லாத பிளாஸ்டிக் தட்டு 4. எல்லாம் சேர்த்து 6,400.

பணம் கட்டும் முன் அந்த வியாபாரியிடம் போனில் கேட்டேன். கூண்டில் ஆழ்கூளம் (தரையில் தடிமனாகப் பரப்பிய கூளம்), கோழி நாள் முழுக்கக் கிளறும், குருணை அதன் வாயில் பட்டால் என்ன ஆகும் என்று நேராகவே கேட்டேன்.

"சார், இது சுத்தமான மூலிகை. கோழிக்கு ஒண்ணும் ஆகாது, எங்க வீட்லயும் கோழி இருக்கு. எலி தின்னா தாகம் எடுத்து வெளிய ஓடிப்போய்ச் செத்துரும், நாத்தமே வராது. உடனே சாகாது சார், நாலஞ்சு நாள் பொறுக்கணும்."

நான் நம்பி ஏமாந்தது இந்த இடத்தில்தான். அந்தப் பேச்சுக்குள்ளேயே உண்மையும் இருந்தது. தின்று நாலைந்து நாள் கழித்துச் சாவது, இரத்தம் உறையவிடாமல் செய்யும் விஷத்தின் வேலை. புரோமாடியோலோன், புரோடிஃபாகம் எல்லாம் அந்த வகை. உடலில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுக்கும்; இருக்கும் உறைதல் புரதங்கள் தீர்ந்தபிறகுதான் உள்ளே இரத்தம் கசிய ஆரம்பிக்கும். நாள் பிடிப்பது அதனால்தான். எலிக்கு நடப்பதுதான் கோழிக்கும், நாய்க்கும், பூனைக்கும், குழந்தைக்கும். தண்ணீர் தேடி வெளியே ஓடும் என்பதும் பொய். பலவீனமான எலி வளைக்குள்ளோ கூண்டின் பலகைக்கு அடியிலோதான் போய்க் கிடக்கும்.

பெட்டி வந்ததும் பார்த்திருக்க வேண்டும். குருணை டப்பாவில் இலை படம் மட்டும் இருந்தது. விஷத்தின் பெயர் இல்லை, எத்தனை சதவீதம் என்று இல்லை, மாற்று மருந்து இல்லை, தயாரிப்பாளர் முகவரி இல்லை. எலி மருந்துக்கு இந்த நாலும் இல்லையென்றால் டப்பாவைத் திறக்கவே கூடாது. ஒருவர் தின்றுவிட்டால் மருத்துவரிடம் என்னவென்று சொல்வது?

தட்டுகளைக் கோழி போக முடியாத இடுக்கில்தான் வைத்தது. ஆனால் எலி வைத்த இடத்தில் மட்டும் தின்னாது. வாயில் கவ்விக்கொண்டுபோய்ப் பதுக்கும். தளர்வான குருணையில் இதுதான் பெரிய ஆபத்து. நீல நிறக் குருணை ஆழ்கூளத்தில் இரண்டு விரல் ஆழத்தில், முட்டைப்பெட்டி வைக்கோலுக்கு அடியில், தீவனத் தொட்டியின் பின்னால் எல்லாம் கிடந்தது. காலையில் கிளறும் கோழிக்கு அதுவும் ஒரு தானியம். போதாததற்கு, விஷம் தின்று மந்தமாக நகரும் சுண்டெலியைக் கோழி கொத்தி முழுசாக விழுங்கிவிடும்.

முதல் கோழி ஒன்பதாம் நாள் செத்தது. கொண்டை சிவப்பு போய் வெளுத்த ரோஜா நிறம், இறகைச் சிலுப்பிக்கொண்டு ஓரமாக நின்றது, இறக்கைக்கு அடியில் தோலுக்குள் கருநீலத் திட்டு. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் உறையாத இரத்தம் தேங்கி நின்றது. மீதிக் கோழிகளுக்கு இந்த விஷத்துக்கு மாற்று மருந்தான வைட்டமின் கே1 கொடுக்கச் சொன்னார். முட்டையையும் இறைச்சியையும் தொடவே வேண்டாம் என்றார். இந்த விஷம் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும்.

எலிகள் சுகமாக இருக்கின்றன. அல்ட்ராசோனிக் பெட்டியின் தலைமேலேயே புழுக்கை: 15 மில்லிமீட்டர் நீளம், பளபளப்பாக, குச்சியால் அழுத்தினால் நசுங்குகிற ஈரத்தோடு. அந்த ஒலி தீவன மூட்டையையோ பலகையையோ ஊடுருவாது, காற்றில் கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும், எலியும் சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-லேயே இப்படிப்பட்ட கருவிகளைச் செய்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, உங்கள் விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இத்தனை வருஷம் கழித்தும் அதே பெட்டியை 6,400-க்குள் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள்.

இனி இவர்கள் அலைக்கழித்தது. தளத்தின் வாடிக்கையாளர் சேவையில், "திரும்பப் பெறும் காலம் 7 நாள், முடிந்துவிட்டது" என்றார்கள். பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள்: "முழுப் பலன் தெரிய 3 வாரம் பொறுக்கவும்." பலன் தெரியும் முன்பே காலம் முடிகிற மாதிரி கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை, "பிரித்த பொருளை எடுக்க மாட்டோம், விற்பனையாளரைக் கேளுங்கள்." விற்பனையாளரைக் கேட்டால், "தளத்துலதான் சார் புகார் போடணும்." மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அனுப்பினேன். "அளவு கூட வச்சிருப்பீங்க சார்" என்று ஒரு பதில், அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. மூலிகைக்கு அளவு கூடினால் கோழி இரத்தம் கசிந்து சாகுமா? பொருளுக்குக் கீழே நான் எழுதிய விமர்சனத்தையும் "விதிமுறைக்கு உட்படவில்லை" என்று எடுத்துவிட்டார்கள். 6,400-ல் ஒரு காசு திரும்பவில்லை. 5 கோழிக்குப் பேச்சே இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசியமானது மட்டும்.

அறுகோணக் கோழி வலை எலியைத் தடுக்காது. கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் அது. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளி போதும், எலிக்குஞ்சுக்கு 12. பற்றவைத்த கம்பி வலை, 6 மில்லிமீட்டர் கண், வாங்குங்கள். சுவரடியில் 30 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் மடக்கிப் புதையுங்கள். சுவரை ஒட்டித் தோண்டும் எலி மடக்கில் முட்டி நிற்கும். ஓட்டையை ஃபோம் அடித்து அடைக்காதீர்கள், கடித்துவிடும். கம்பி வலையைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள்.

இரவில் தீவனம் கூண்டில் இருக்கக்கூடாது. பொழுது சாய்ந்ததும் தொட்டியை எடுத்து, இறுக்கமான மூடி உள்ள தகர டிரம்மில் வையுங்கள். பிளாஸ்டிக் டிரம் என்றால் எலி கடித்து ஓட்டை போட்டுவிடும். முட்டையையும் மாலையிலேயே எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பொறி வைத்துப் பிரயோஜனமில்லை, வயிறு நிறைந்த எலி இரையைத் திரும்பிப் பார்க்காது.

எந்த வளையில் எலி இருக்கிறது என்று தெரிய, காகிதத்தைக் கசக்கி லேசாக அடையுங்கள். மறுநாள் தள்ளிவிட்டிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது.

அடித்துக் கொல்லும் பொறியைத் திறந்தவெளியில் வைத்தால் கோழியின் அலகும் காலும் போகும். 6 சென்டிமீட்டர் துளை போட்ட மூடிய மரப்பெட்டிக்குள், சுவரோரமாக, இரை வைக்கும் பக்கம் சுவரைப் பார்த்தபடி வையுங்கள். எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். முதல் 4, 5 நாள் பொறியை விசை ஏற்றாமல் நிலக்கடலை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறியையும் ஏற்றுங்கள். பசைத்தட்டு வேண்டவே வேண்டாம், குஞ்சு ஒட்டிக்கொண்டால் தோலோடு பிய்யும். ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி விஷம் கோழி இருக்கும் பக்கமே வரக்கூடாது, அதற்கு மாற்று மருந்தே கிடையாது.

புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசியோடு மூக்கில் ஏறும். 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 10 நிமிடம் விட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள்.

இதே தொகுப்பை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டவர்கள் இன்றே தட்டுகளை எடுங்கள். கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆழ்கூளம் முழுவதையும் அள்ளிக் கட்டி வையுங்கள். உரக்குழியில் கொட்டினால் அங்கேயும் கோழி கிளறும். செத்த எலியைக் கையால் தொடாமல் எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். கொண்டை வெளுத்த கோழி இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், குருணை டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.