எலும்பில் படிந்த யுரேனியம்: சிதைவை எண்ணுவதா, அணுவை எண்ணுவதா?

உணவாலும் குடிநீராலும் மனித உடலில் ஏறத்தாழ 90 மைக்ரோகிராம் யுரேனியம் இயல்பாகவே சேர்ந்திருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு எலும்பில் தங்குகிறது. 1968இல் புளூட்டோனியப் பதிவகமாகத் தொடங்கி, இன்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் அமெரிக்கப் பதிவகம், அணுசக்தித் தொழிலாளர்கள் தாமே முன்வந்து தானம் செய்த திசுக்களை ஆராய்கிறது. இத்தகைய திசுவில் இயல்பான அளவுக்கு மேல் தொழிலால் சேர்ந்தது எவ்வளவு, அது எவ்வகை யுரேனியம் என்று அறிய இரண்டு முறைகள் போட்டியிடுகின்றன. ஆல்பா நிறமாலைமானி சிதையும் அணுக்களை, அவை வெளியிடும் ஆல்பா துகள்களின் ஆற்றலைக் கொண்டு பிரித்து எண்ணுகிறது. ஐசிபி-எம்எஸ் எனப்படும் பிளாஸ்மா நிறைமானியோ அணுக்களையே நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது.

10 கிராம் எலும்பை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன கணக்குப்படி சுமார் 10 கிலோ எலும்புக்கூட்டில் 60 மைக்ரோகிராம் என்றால், அதில் சுமார் 60 நானோகிராம் யுரேனியம் இருக்கும். அதில் 0.72 சதவீதமே யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பு (நிறையால் வேறுபடும் அணுவகை; மீதி ஏறத்தாழ முழுதும் யுரேனியம்-238) என்றாலும், அணுக்கணக்கில் அது ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். ஆனால் அதன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள் என்பதால், நாளொன்றுக்கு மூன்று அணுக்களே சிதைகின்றன. உணர்கருவி அவற்றில் கால்பங்கை மட்டுமே பிடிக்கும் என்பதால், ஒரு வாரம் காத்திருந்தாலும் ஐந்து எண்ணிக்கைதான் தேறும். இயற்கை யுரேனியத்தில் 235க்கும் 238க்கும் உள்ள விகிதம் 0.00725, வளைகுடாப் போரில் குண்டுகளாகப் பயன்பட்ட செறிவு குறைந்த (235இன் பங்கு குறைக்கப்பட்ட) யுரேனியத்தில் அது 0.002 அளவே. இந்த வேறுபாட்டை ஐந்து எண்ணிக்கையைக் கொண்டு நிறுவ இயலாது. நிறைமானி அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

அணு உலையில் உருவாகும் யுரேனியம்-236ஐத் தேடும்போதும் நிறைமானியே மேல். ஆல்பா முறையில் அதன் துகள்களின் ஆற்றல் 235இன் துகள்களுடைய ஆற்றலோடு கலந்துவிடுகிறது. நிறைமானியிலும் 235 ஒரு ஹைட்ரஜனோடு சேர்ந்து 236 போலத் தோன்றும் சிக்கல் உண்டு. கரைசலின் துளிகளை உலர்த்திச் செலுத்தினால் அது பெரிதும் குறையும்.

யுரேனியம்-234 வந்ததும் நிலை மாறுகிறது. அதே எலும்பில் அது 3 பிகோகிராம் அளவே இருப்பதால் எளிய நிறைமானிகள் திணறும். ஆனால் அது வேகமாகச் சிதைவதால், அதில் நாளொன்றுக்கு நிகழும் சிதைவுகள் 238இன் சிதைவுகளுக்கு ஏறத்தாழ நிகர்; ஆல்பா முறைக்கு இரண்டும் சம அளவில் தெளிவாகத் தெரியும். செறிவூட்டிய (235இன் பங்கு கூட்டப்பட்ட) யுரேனியத்தைச் சுவாசித்த தொழிலாளியின் கதிர்வீச்சு அளவில் பெரும்பங்கு 234இனுடையது. ஆகவே அவருடைய நுரையீரல் திசுவுக்கு நான் ஆல்பா முறையையே தேர்வேன். யுரேனியம் படியவைத்த எஃகுத் தகடு எண்ணி முடித்த பின்னும் அப்படியே இருப்பதால், ஐயம் எழுந்தால் மீண்டும் எண்ணலாம். மீண்டும் கேட்டுப் பெற முடியாத திசுவுக்கு இது பெரிய நன்மை; நிறைமானியில் செலுத்திய கரைசலோ போனதுதான்.

மாதிரியை ரீனியம் உலோக இழையில் சூடேற்றி அளக்கும் டிம்ஸ் என்ற மற்றொரு நிறைமானி முறை துல்லியத்தில் சிறந்தது. எனினும் ஒவ்வொரு மாதிரிக்கும் நெடுநேரம் பிடிப்பதால் அன்றாடப் பணிக்கு ஒத்துவராது.

எலும்பை 450 டிகிரியில் சாம்பலாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பற்றிக்கொள்ளும் பாஸ்பேட்டை அலுமினியம் நைட்ரேட்டால் விலக்கி, பிசின் குழாயில் பிரித்தெடுக்கும் வேலை இரு முறைகளுக்கும் பொது. அமிலமும் கண்ணாடிக் குடுவையும்கூட யுரேனியம் கலந்தவை என்பதால், திசுவே சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் உடன் நடத்த வேண்டும். அதில் 1 நானோகிராம் தெரிந்தால், 10 கிராம் எலும்பின் முடிவிலிருந்து அதைக் கழித்துவிடலாம். ஆனால் ஊசியால் எடுத்த 10 மில்லிகிராம் சிறுநீரகத் திசுவில் உள்ள யுரேனியமே அந்த 1 நானோகிராமைவிடக் குறைவு என்பதால், அங்கே கழித்துப் பெறும் முடிவை நம்ப முடியாது.