ரெண்டு விசிஏ இருக்கும்போது ரிங் மாடுலேட்டர் எதற்கு?

என் சின்தசைசருக்காக, ஏடி633 ஐசி (இரண்டு வோல்டேஜ்களைப் பெருக்கும் சிப்) போட்ட சின்ன ரிங் மாடுலேட்டர் (இரண்டு அலைகளை ஒன்றோடொன்று பெருக்கும் கருவி) மாட்யூல் ஒன்றை ஆன்லைனில் வாங்கி நாலு மாதம் ஆகிறது. பார்சலைப் பிரிக்கும்போதே காட்பாடி நண்பன் கேட்டான்: "உன்கிட்டதான் ரெண்டு விசிஏ இருக்கே, அதுவும் பெருக்கத்தானடா செய்யுது?"

நியாயமான கேள்விதான். விசிஏ என்பது கன்ட்ரோல் வோல்டேஜ் சொல்கிறபடி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபையர். ஆனால் விசிஏவில் கன்ட்ரோல் வோல்டேஜ் பூஜ்யத்துக்குக் கீழே போனால் சத்தம் அடங்கிவிடும், அவ்வளவுதான். ரிங் மாடுலேட்டரோ மைனஸையும் கணக்கில் எடுத்து, அலையைத் தலைகீழாகப் புரட்டி வெளியே விடும். 440 ஹெர்ட்ஸ் சைன் அலையை 100 ஹெர்ட்ஸால் ஆட்டினால் விசிஏவில் 340, 540 இரண்டும் வரும், கூடவே 440-ம் நிற்கும், அதனால் சுருதி காதில் தங்கும். ரிங் மாடுலேட்டரில் 340-ம் 540-ம் மட்டும்தான். நாம் கொடுத்த சுருதியையே காணோம். அதோடு ஒரு குட்டி என்வலப் (கீயை அழுத்தி விடும்போது சத்தம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்லும் வோல்டேஜ்) வைத்து வாசித்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் மணி மாதிரி கணீரென்று இருக்கிறது, இதற்காகவே காசு கொடுக்கலாம்.

குறைக்கு வருவோம். இதையே விசிஏவாகவும் ஓட்டலாம் என்று இரண்டு இன்புட்டில் ஒன்றில் என்வலப்பைச் செருகினேன். கீயைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கரைந்துபோனது, கையை எடுத்ததும் கூப்பிடாமலே இன்னொரு தடவை முழங்கியது! திறந்து பார்த்தால் இன்புட்டில் கெப்பாசிட்டர். அது நிலையான வோல்டேஜை உள்ளே விடாது, என்வலப் இறங்கும்போது மைனஸுக்கு இழுத்துவிடும், இந்த ஐசி அதையும் விசுவாசமாகப் பெருக்கித் தருகிறது. கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு வயர் வைத்தேன், இப்போது ஒழுங்காக விசிஏ வேலை செய்கிறது.

இன்னொன்று, ஒரு பக்கம் எதுவும் வாசிக்காதபோதும் மறுபக்கத்து ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி) லேசாகக் கசிந்து கேட்கிறது. விற்றவரைக் கேட்டேன், "அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். டயோடுகளால் செய்த பழைய ரிங் மாடுலேட்டரிலும் கசிவு உண்டுதான், ஆனால் ஆஃப்செட்டை (இன்புட்டில் தங்கிவிடும் சிறு வோல்டேஜை) சரிசெய்ய ஒரு ட்ரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் குட்டி ரெசிஸ்டர்) வைத்திருக்கலாமே, நானே வைத்த பிறகு பெருமளவு அடங்கியது.

வேலூர் மே மாத வெயிலில் ஆசிலேட்டரின் சுருதி நகர்ந்தால் மணி ஓசையும் வேறாகிவிடும், அதற்கு மாட்யூலைத் திட்டிப் பயனில்லை. விசிஏ இன்னும் வாங்காதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். அப்புறம் இதை எடுப்பதானால், இன்புட் டிசியை (நிலையான வோல்டேஜை) ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.