பெர்ஃப்: புரோசசர் எண்ணிகளோடு சில ஆண்டுகள்

ஒரு நிரல் மெதுவாக ஓடுகிறது என்று எங்கள் குழுவில் யாராவது சொன்னால், "பெர்ஃப் ஸ்டாட் போட்டுப் பார்த்தீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் 2.6.31 பதிப்போடு வந்த அளவீட்டுக் கருவி பெர்ஃப். எண்ணிக்கைகளைத் தொகுத்துக் காட்டும் அதன் வசதிதான் ஸ்டாட். புரோசசருக்குள்ளேயே இருக்கும் எண்ணிகளை அது வாசித்துச் சொல்கிறது. எத்தனை கட்டளைகள் முடிந்தன, அதற்கு எத்தனை கடிகாரத் துடிப்புகள் செலவாகின, தேடிய தரவு எத்தனை முறை கேஷில் (புரோசசரை ஒட்டிய சிறிய, வேகமான நினைவகத்தில்) கிடைக்கவில்லை, பிராஞ்ச் கணிப்பு (நிரல் கிளைபிரியும் இடத்தில் எந்த வழி போகும் என்ற ஊகம்) எத்தனை முறை தவறியது என்பவையெல்லாம் அதில் வரும். இந்த எண்ணிகள் பழையவை. 1993இல் வந்த முதல் பென்டியத்திலேயே இரண்டு இருந்தன.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் செய்வது தேடல் வேலை. ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைப் பக்கங்களிலிருந்து எடுத்த எழுத்தைச் சொல் சொல்லாக அட்டவணைப்படுத்துகிறோம். 2022இல் டொலர் 200 ரூபாயை ஒட்டிய நிலையிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியபோது, வேகமான புதிய கணினி வாங்கும் பேச்சே நின்றுபோனது. கையில் இருந்த பழைய மடிக்கணினிகளிலேயே வேலை முடிய வேண்டும். பெர்ஃப்பை நான் ஊன்றிப் படித்தது அந்தக் காலத்தில்தான்.

அதே ஆண்டின் மின்வெட்டுகள் இன்னொன்றையும் புரியவைத்தன. மடிக்கணினி பற்றரியில் ஓடும்போது புரோசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் மின்சாரம் இருந்தாலும் சூடேறி வேகம் இறங்கும். காலையில் எடுத்த நேரக் கணக்கும் மதியம் எடுத்த நேரக் கணக்கும் பொருந்தாது. ஒரு திருத்தம் பலன் தந்ததா, அறை குளிர்ந்ததா என்று நேரத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. முடிந்த கட்டளைகளின் எண்ணிக்கை அப்படி ஆடுவதில்லை. கேர்னலின் வேலையை விட்டு, நிரலின் சொந்த வேலையான பயனர் பகுதியை மட்டும் எண்ணச் சொன்னால், ஒரே உள்ளீட்டுக்கு அது காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். துடிப்புகளின் எண்ணிக்கையை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம். புரோசசரின் வேகம் இறங்கினாலும் நினைவகத்தின் தாமதம் நானோ விநாடிக் கணக்கில் அப்படியே இருக்கும். அதனால் நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நிரல் ஒன்று பற்றரியில் குறைந்த துடிப்புகளில் முடிந்ததாகக் காட்டும். ஆனால் கடிகாரத்தில் அது மெதுவாகவே முடிந்திருக்கும்.

எங்கள் அட்டவணை நிரலில் முதலில் கண்ணில் பட்டது, ஒரு துடிப்புக்கு எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்ற விகிதம். ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகள் வரை முடிக்கக்கூடிய புரோசசரில் அது ஒன்றைக்கூட எட்டவில்லை. நிகழ்வுகள் நிரலின் எந்த இடத்தில் நடக்கின்றன என்று பதியும் பெர்ஃப் ரெக்கோர்ட்டைக் கேஷ் தவறல்கள் மீது ஓட்டினோம். சொற்களைச் சுட்டிகளால் (அடுத்தது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிகளால்) கோத்த சங்கிலி ஒன்றில்தான் தவறல்கள் குவிந்திருந்தன. ஒவ்வொரு கண்ணியும் நினைவகத்தின் ஒவ்வொரு மூலையில் கிடந்தது. முதல் நிலைக் கேஷில் இருக்கும் தரவு நான்கைந்து துடிப்புகளில் வந்துவிடும். பிரதான நினைவகத்துக்குப் போனால் இருநூறு துடிப்புகள் கழிவதும் சாதாரணம். கேஷ் ஒரு நேரத்தில் 64 பைட்டுகளை ஒரு வரியாக எடுத்துவரும். அந்த வரியில் பக்கத்திலேயே அடுத்த தரவும் இருந்தால் அது இலவசம். சங்கிலியைத் தொடர்ச்சியான வரிசையாக மாற்றியதும் ஒரே மாலையில் வேலை முடியத் தொடங்கியது.

இரண்டாவது சிக்கல் எங்கள் மொழிக்கே உரியது. நான் மிகவும் ரசித்ததும் அதுதான். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். இடைவெளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் 1 பைட். "இந்தக் குறி எத்தனை பைட்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கிளைபிரியும் நிரலில், புரோசசர் அடுத்த விடையை முன்கூட்டியே ஊகித்து ஓடுகிறது. சொல்லின் நடுவில் ஊகம் பலிக்கும். சொல் எங்கே முடியும் என்பது ஊகத்துக்குள் அடங்காது. 1841இல் தொடங்கிய உதயதாரகை போலத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்த இதழ்கள் என்றால் தவறல்கள் இன்னும் கூடும். ஒவ்வொரு தவறலுக்கும் பதினைந்து, இருபது துடிப்புகள் வீண். முதல் பைட்டைக் கொண்டு நீளத்தை ஒரு சிறிய அட்டவணையிலிருந்து எடுக்கும்படி மாற்றினோம். முடிந்த கட்டளைகளின் எண்ணிக்கை சற்றுக் கூடியது, நேரமோ குறைந்தது. குழுவில் இளையவரான தம்பி ஒருவர் அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, "அண்ணா, வேலை கூடினால் நேரமும் கூட வேண்டாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒருவருக்கு எழுந்துவிட்டால் எண்ணிகளை வாசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். பிராஞ்ச் தவறல் வரியைக் காட்டினேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. எண்ணிகள் மிகக் குறைவு. எங்களிடம் இருக்கும் இன்டெல் ஸ்கைலேக் மடிக்கணினிகளில், ஹைப்பர்திரெடிங் (ஒரே கரு, அதாவது புரோசசருக்குள் இருக்கும் தனிக் கணிப்புப் பகுதி, இரண்டு வேலைகளைச் சேர்த்து ஓட்டும் வசதி) இயங்கும்போது, எதை எண்ணுவது என்று முன்பே தீர்மானித்த மூன்று நிலையான எண்ணிகளோடு, நாம் விரும்பியதை எண்ணச் சொல்லக்கூடிய நான்கு பொது எண்ணிகள்தான். கணினி உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் கேர்னலின் வொட்ச்டொக் ஒரு எண்ணியைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் கேட்டால் பெர்ஃப் முறைவைத்து எண்ணி, மீதியை மதிப்பிட்டு நிரப்பும். வலப்பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சதவீதம் தெரிந்தால் அந்த எண் மதிப்பீடு என்று அர்த்தம். குறுகிய நேரமே ஓடும் நிரலில் அதை நம்பக்கூடாது. நிகழ்வு எந்தக் கட்டளையில் நடந்தது என்று காட்டும் இடமும் சற்றுத் தள்ளி விழும். இன்டெலில் நிகழ்வின் பெயரோடு இரண்டு 'பி' சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உபுண்டுவில் கேர்னல் புதுப்பிக்கப்பட்டதும் அதற்குரிய பெர்ஃப் பொதியையும் நிறுவ வேண்டும். மறந்தால் கருவியே ஓடாது. பாதுகாப்புக்காகச் சாதாரணப் பயனருக்கு அது பூட்டியும் இருக்கும். பெர்ஃப் ஈவென்ட் பரனொயிட் என்ற அமைப்பின் மதிப்பைத் தளர்த்தினால்தான் வேலை நடக்கும். மற்றவர்களும் பயன்படுத்தும் சேவையகத்தில் அதை நான் செய்வதில்லை.

வாடகை மேகக் கணினிகளில்தான் அதிக ஏமாற்றம். பல மெய்நிகர் கணினிகள் புரோசசர் எண்ணிகளை உள்ளே விடுவதில்லை. துடிப்பு, கட்டளை என்று எதைக் கேட்டாலும் ஆதரவில்லை என்ற பதிலே வரும். அதனால் அளவீட்டை இங்கே மேசையில் இருக்கும் கணினியிலேயே செய்கிறோம். வட்டுக்கோ வலையமைப்புக்கோ காத்திருக்கும் நிரலைப் பற்றியும் இந்த எண்ணிகள் எதுவும் சொல்லமாட்டா, ஏனெனில் அந்த நேரத்தில் நிரல் புரோசசரில் இல்லை. பெர்ஃப் ஸ்டாட் வெளியீட்டில் எத்தனை சிபியு பயன்பட்டன என்ற எண் ஒன்றுக்கு மிகக் கீழே இருந்தால் நான் கேஷ் வரிகளைப் பார்ப்பதே இல்லை. வட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

அண்மையில் குழுவுக்கு வந்த 12ஆம் தலைமுறை இன்டெல் கணினியில் பெரிய கருக்களும் சிறிய கருக்களும் கலந்திருக்கின்றன. பெர்ஃப் ஒவ்வொரு நிகழ்வையும் இரண்டு வரிகளாக அச்சிடுகிறது. நிரல் நடுவழியில் ஒரு வகைக் கருவிலிருந்து மற்றதற்குத் தாவினால் இரண்டு வரியும் அரைகுறை. நிரல் எந்தக் கருவில் ஓட வேண்டும் என்று குறிக்க உதவும் டாஸ்க்செட் மூலம் நிரலை ஒரே கருவில் கட்டிவைத்த பிறகே அதில் அளக்கிறோம்.