ஹாலோவீன் ஜெல்லி: ஜெலட்டினா, கடல்பாசியா?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஹாலோவீனில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பச்சைப் புழுக்கள் வைத்திருந்தேன். வளையும் ஸ்ட்ராக்களைக் கட்டுக்கட்டாக ஒரு ஜாடிக்குள் நிறுத்தி, ஜெலட்டின் கலவையை ஊற்றி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்தவை. ஸ்ட்ராவின் மடிப்புதான் புழுவின் உடம்பு வரிகள். நாலு மணிக்கு வெளியே வைத்தேன். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது கிண்ணத்தில் ஒரு புழுகூட இல்லை. பச்சை ரசம்தான் இருந்தது.

நாங்கள் இருப்பது ஹூஸ்டன். இங்கே அக்டோபர் 31 அன்றும் மாலையில் 27, 28 டிகிரி சர்வசாதாரணம். போன வருஷம் கடல்பாசிக்கு, அதாவது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகருக்கு, மாறினேன். இந்த வருஷமும் அதுதான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை மறைக்கவில்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஜெலட்டின் பன்றித்தோல், மாட்டுத்தோல், எலும்பு இவற்றிலிருந்து வருவது. கடல்பாசி தாவரம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சைவம், இரண்டு முஸ்லிம் குடும்பங்கள். "இதில் ஜெலட்டின் இருக்கா ஆன்ட்டி?" என்று வாசலிலேயே கேட்கும் குழந்தைகள் உண்டு. ஹலால் மாட்டு ஜெலட்டினும் மீன் ஜெலட்டினும் கிடைக்கின்றன. ஆனால் அவை சைவர்களுக்கு உதவாது. கடல்பாசி என்றால் கேள்வியே இல்லை. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் அது புதிதுமில்லை. ஊரில் நோன்பு திறக்கும்போது பாலும் ரோஸ் சிரப்பும் சேர்த்துக் கடல்பாசி செய்து வளர்ந்தவர்கள் அவர்கள். மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி பறிக்கும் ராமநாதபுரத்துப் பெண்களின் உழைப்பும் அகர் தொழிலில் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இது இறக்குமதிச் சரக்கு அல்ல.

என்னை மாற வைத்தது சைவமும் அல்ல, விலையும் அல்ல. வெயில்தான்.

ஜெலட்டின் ஏறக்குறைய 35 டிகிரியில் முழுக்க உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, அறை கொஞ்சம் சூடாக இருந்தாலே, தளர ஆரம்பித்துவிடும். வாயில் போட்டதும் கரைகிறதே, அந்தச் சுகம் இதனால்தான். மேசையில் கவிழ்வதும் இதனால்தான். அகர் நடந்துகொள்வது விசித்திரமானது. கொதிக்க வைத்தால்தான் கரையும். ஆறி 35, 40 டிகிரிக்கு வந்ததும் இறுகிவிடும். ஆனால் ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. ஹூஸ்டன் வெயிலெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த ஒரு குணத்தை ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சொல்லிக் கொடுத்ததும் சமையல் தெரிந்த ஒரு பெண்தான். 1881இல் பெர்லினில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே கிருமி வளர்த்துக்கொண்டிருந்தார். ஜெலட்டின் மீது வளர்த்தால் சூட்டில் உருகும்; சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். கோடையிலும் உன் ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று மனைவி ஃபானியைக் கேட்டாராம். அகர் போடுகிறேன் என்றார் அவர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பத்திடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. இன்றுவரை ஆய்வகத் தட்டுகளில் அகர்தான். என் பச்சை ரசத்தைப் பார்த்து நான் பட்ட எரிச்சலை அவர் கணவர் எனக்கு முன்னாடியே பட்டிருக்கிறார் என்று தெரிந்தபோது ஒரு சின்ன ஆறுதல்.

உருகாததால் கிடைக்கும் இன்னொரு லாபம் கண்விழிகள் செய்யும்போது தெரியும். ஜெலட்டினில் ஒவ்வொரு அடுக்கும் ஃபிரிட்ஜுக்குள் போய் வர வேண்டும். விருந்துக்கு முந்தைய நாள் ஃபிரிட்ஜில் இடம் எங்கே இருக்கும்? அகரில் எல்லாம் மேடையிலேயே முடியும். அரை லிட்டருக்கு மட்டமாக இரண்டு டீஸ்பூன், ஏறக்குறைய 4 கிராம் பவுடர். பச்சைத் தண்ணீரில் கலக்கி, கிண்டிக்கொண்டே இரண்டு மூன்று நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைகுறையாகக் கொதித்தால் இறுகாது. புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். அரைக்கோள சிலிகான் அச்சில் முதலில் ஒரு புளூபெர்ரி, அது கண்பாப்பா. அதைச் சுற்றி நீலமோ பச்சையோ கொஞ்சம். அது மேலாக இறுகியதும் தேங்காய்ப்பால் கலந்த வெள்ளை. தேங்காய்ப்பாலைச் சூடாக்கித்தான் சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கீழ் அடுக்கு முழுக்க ஆறிப்போன பிறகு ஊற்றினாலும் ஒட்டாது. பரிமாறும்போது கருவிழி தனியாக, வெள்ளைவிழி தனியாகக் கழன்று வரும். சரி, அதுவும் பயங்கரமாகத்தான் இருக்கும்.

சிவப்பு நரம்புகளைப் பல்குத்தும் குச்சியால் பீட்ரூட் சாறு தொட்டு வரையலாம். மறுநாளுக்குள் அகர் கொஞ்சம் நீர் விடும். வேறு பலகாரத்தில் அது குறை, கண்விழியில் கண்ணீர்.

அன்னாசி விஷயமும் உண்டு. பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி எதைப் போட்டாலும் அவற்றிலுள்ள நொதி ஜெலட்டினை இறுகவே விடாது. டின்னில் வருவது சூடுபட்டது என்பதால் பரவாயில்லை. அகருக்கு இந்தத் தொல்லை இல்லை. எலுமிச்சைச்சாறை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு விட வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அகர் வலுவிழக்கும்.

இப்போது ஜெலட்டினுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. ஹாலோவீனில் ஜெல்லிக்கு வேலையே தளதளவென்று ஆடுவதுதான். மூளை அச்சில் வார்த்த ஜெலட்டினைத் தட்டோடு தூக்கினால் அது நடுங்கும். அதைப் பார்த்து நாலு வயசுப் பிள்ளை வீறிடும். அகர் மூளை மடிப்பு மடிப்பாக, அச்சு அசலாக வரும். ஆனால் ஆடாது. கல்லூரிப் பரிசோதனைக் கூடத்து மூளை மாதிரி கம்மென்று உட்கார்ந்திருக்கும். புழு விஷயத்திலோ அகருக்கு வாய்ப்பே இல்லை. ஸ்ட்ராவிலிருந்து பிதுக்கும்போதே துண்டு துண்டாக முறியும். போன வருஷம் முறிந்ததையெல்லாம் 'வெட்டுண்ட விரல்கள்' என்று பெயர் மாற்றிச் சமாளித்தேன்.

சின்னக் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஜெலட்டின் வாயில் கரையும், அகர் கரையாது, மென்றுதான் விழுங்க வேண்டும். கொஞ்சாக் என்ற கிழங்கின் மாவு சேர்த்த சின்னக் கப் ஜெல்லிகள் தொண்டையில் அடைப்பதாக 2001இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரித்தது. அகர் அவ்வளவு கெட்டியில்லை. இருந்தாலும் நான் முழு உருண்டையாகக் கண்விழி செய்வதே இல்லை. அரைக்கோளம்தான், அதையும் சின்னவர்களுக்கு நறுக்கிக் கொடுப்பேன்.

இருட்டில் ஒளிர வைக்க இரண்டும் ஒன்றுதான். தண்ணீருக்குப் பதில் டானிக் வாட்டர் ஊற்றினால், அதிலுள்ள குயினைன் புற ஊதா விளக்கில் நீலமாக மின்னும். கசக்கும், சர்க்கரை தாராளமாகப் போட வேண்டும். நான் ஒருமுறைதான் செய்தேன், அதுவும் அகரில். பெரியவர்கள் ரசித்தார்கள், பிள்ளைகள் ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

பிலிப்பைன்ஸ் கடையில் விற்கும் காராஜீனன் ஜெல்லிப் பவுடரும் கடல்பாசியிலிருந்து எடுப்பதுதான். அகரைவிடக் கொஞ்சம் துள்ளலாக இருந்தது. ஒரு பாக்கெட் மட்டுமே செய்து பார்த்ததால் விருந்துக்கு அதை நம்பி இறங்க இன்னும் தைரியம் வரவில்லை.

நீங்கள் இருப்பது மினசோட்டா, மிச்சிகன் போன்ற குளிர்ப் பக்கம் என்றால், வீட்டுக்குள்ளேயே விருந்து, சைவர்கள் யாரும் இல்லை என்றால், ஜெலட்டினே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் இந்த முறை அறுபது கண்விழி, ஒரு மூளை, எல்லாம் கடல்பாசி. மகன் புழு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனுக்காக ஹலால் ஜெலட்டினில் இருபது ஸ்ட்ரா மட்டும். அது தனித்தட்டில், பெயர் எழுதி ஒட்டி, கேட்கும்போது மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வரும்.